எல்லையோரத்திலிருந்து ஒரு கடிதம்: "டிபி ஆராய்ச்சிக்குப் போக ஆசை, எனக்கே டிபி வந்திருந்தது"

நகரிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. பிறந்த வீடு விசைத்தறி வீடு. நுண்ணுயிரியலில் பிஎச்.டி. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிகள் 180 மாதிரிகளை வளர்த்து, எது எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று பார்த்திருக்கிறார். தீசிஸ் கொடுத்து ஒன்பது மாதம் ஆகியும் வைவா (வாய்மொழித் தேர்வு) நடக்கவில்லை. கணவருக்குத் தொழிற்சாலை வேலை. நான்கு வயதில் ஒரு மகள். இனி நோய்ப்பரவலியல் பக்கம் போய், இந்த நோய் யாரிடமிருந்து யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராய போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடுகிறார். ஐரோப்பாவில் ஒரு பேராசிரியருக்கு எழுதியதற்கு, "நீங்களே ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கி வந்தால் இடம் தருகிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. வேண்டாம் என்கிறார் போல என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒரு கன்சல்டன்சி 80,000 ரூபாய் கொடுத்தால் "போஸ்ட்டாக் சீட்" வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சென்னையில் ஒரு புராஜெக்ட் வேலைக்கு நேர்காணலும் வந்திருக்கிறது. பிஎச்.டி. வழிகாட்டியான கைடோ, "டேட்டா எல்லாம் என்னுடையது, ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது" என்கிறாராம்.

கடைசிப் பக்கம் மட்டும் வேறு பேனாவில் இருந்தது. "19 வயதில் எனக்கே டிபி வந்தது டாக்டர். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தேன். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. விசாவுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களாமே?"

அன்புள்ள சகோதரி,

கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்று பக்கத்துக்கும் அடியில் அந்தப் பயம்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முழுக்க மருந்து எடுத்துக் குணமான பழைய காசநோய் உங்கள் விசாவையும் வேலையையும் தடுத்துவிடாது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கும் இந்தியர்கள், பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய தழும்பு தெரிந்தால் சளியை எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு எட்டு வாரம் வரை ஆகலாம், அவ்வளவுதான். ஆகவே தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போங்கள். பழைய சிகிச்சை அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தழும்பு இருந்து வாய் மட்டும் இல்லை என்று சொன்னால்தான் சிக்கல்.

கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு முறை வந்துவிட்டதால் எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும், லேபில் பயமில்லை." இது சரியில்லை. அம்மை மாதிரி இது ஒரு முறையோடு போகும் நோய் இல்லை. பழைய கிருமி மறுபடி எழலாம், புதிதாக வேறு கிருமியும் தொற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் என்று எது வந்தாலும் மற்றவர்களைவிட நீங்கள் சீக்கிரம் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதேசமயம், 14 வருடத்துக்கு முன் குணமான நோய் இன்று உங்கள் மகளுக்குத் தொற்றாது. அந்தக் கவலையை இறக்கி வையுங்கள்.

கணவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், ஒரு மருத்துவ மையத்தின் காகிதம் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட, நீங்களே உட்கார்ந்து சொல்வது நல்லது. முதலில் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். மாமியாரிடம் எப்போது, எப்படி என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம். காசநோய் வந்த பெண்கள் அதைப் பாவம் செய்தவர்கள் மாதிரி ஒளித்து வைப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

பேராசிரியர் கதவை மூடவில்லை

"ஃபெல்லோஷிப்போடு வந்தால் இடம் தருகிறேன்" என்பது இந்தத் துறையில் நல்ல பதில். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதிலே வராது. அவரிடம் இப்போது சம்பளம் கொடுக்கப் பணமில்லை, ஆனால் உங்களோடு சேர்ந்து விண்ணப்பம் எழுதத் தயார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஐரோப்பாவுக்கு மரி கியூரி பெயரில் ஒரு போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் உண்டு. ஏற்கும் பேராசிரியரும் நீங்களும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். பொதுவாக செப்டம்பரில் கடைசி நாள் வரும், முடிவு தெரிய ஐந்து மாதம் போல ஆகும். ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். வயது வரம்பு இல்லை. பிஎச்.டி. முடித்து எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், அதிலும் பேறுகால விடுப்பைக் கழித்துக்கொள்வார்கள். கணவன், குழந்தை உள்ளவர்களுக்குக் குடும்பப் படியும் தருகிறார்கள். ஆனால் கடைசி நாளுக்குள் வைவா முடிந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான். பிறகு வருகிறேன்.

உங்கள் ஆய்வுக் கேள்வியில் ஒரு திருத்தம்

நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்க வரைவைப் படித்தேன். "மருந்தைப் பாதியில் விடுபவர்களால்தான் கிருமியில் மருந்து எதிர்ப்பு உருவாகிறது, எனவே விழிப்புணர்வு" என்று தொடங்குகிறது. லேபில் வேலை செய்தவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை விட்டுவிட்டால் எந்தத் தேர்வுக்குழுவும் அந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான காசநோய் மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமி, முதல் முறை நோய் வந்தவர்களில் 2.84 சதவீதம் பேரிடம் இருந்தது. ஏற்கனவே மருந்து எடுத்தவர்களில் 11.60 சதவீதம். பார்த்தவுடன், பழைய நோயாளிகள்தான் பிரச்சினை என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 1,000 நோயாளிகள், அதில் 800 பேர் புதியவர்கள், 200 பேர் பழையவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800-ல் 2.84 சதவீதம் என்றால் ஏறக்குறைய 23 பேர். 200-ல் 11.60 சதவீதம் என்றாலும் அதே 23 பேர்தான். அந்த முதல் 23 பேர் இதற்கு முன் ஒரு மாத்திரைகூட விழுங்காதவர்கள். அவர்களுக்கு எதிர்ப்புக் கிருமி காற்றில்தான் வந்தது, தறிக்கூடத்திலோ பஸ்ஸிலோ வீட்டுக்குள்ளேயோ யாரோ இருமியபோது வந்தது. விழிப்புணர்வு நோட்டீஸால் அவர்களைக் காப்பாற்ற முடியாது. இருமியவரைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்திருந்தால்தான் முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், உங்கள் 180 மாதிரிகள் எத்தனை பேரிலிருந்து வந்தவை? பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், உங்களிடம் பின்னத்தின் மேல் எண்ணான தொகுதி இருக்கிறது, கீழ் எண்ணான பகுதி இல்லை. பெரிய லேப் வரைக்கும் வந்து சேர்ந்தவர்களின் சளி மட்டும்தான் உங்களிடம் வந்தது. வராமலே போனவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதுதான் நோய்ப்பரவலியல். நுண்ணுயிரியலிலிருந்து இங்கே வர முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாக வரலாம். நீங்கள் பழக வேண்டியது முதலில் இந்தக் கேள்வியை. புள்ளியியலும் 'ஆர்' மென்பொருளும் அதற்கு அடுத்துதான். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி இணையவழிப் படிப்பு நடத்தியிருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

உங்களிடம் ஏற்கனவே ஒரு பலமும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை வருடம், அதற்கு மேலும் இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்கும் 'பிபால்எம்' முறைக்கு 2024-ல் நம் நாட்டுத் திட்டத்திலும் ஒப்புதல் கிடைத்தது. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மருந்துகள். இதில் பெடாகுயிலினுக்கும் எதிர்ப்பு தலைகாட்டுகிறது. அதைக் காட்டும் மரபணு மாற்றங்களைப் படிப்பது ரிஃபாம்பிசின் மாதிரி எளிதில்லை. கிருமியின் ஆர்வி0678 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைப் பார்த்தால் அது எதிர்ப்பா இல்லையா என்று உடனே சொல்ல முடிவதில்லை. லேபும் தெரிந்து கணக்கும் தெரிந்த ஆட்கள் இனி இங்கே நிறையத் தேவைப்படுவார்கள்.

நகரியில் இருந்துகொண்டே ஒரு கேள்வி

இதை நான் நேரில் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன், ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையத்தில் ஒரு தறித் தொழிலாளி என்னை அடையாளம் கண்டு வந்து பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே இரண்டு சிகிச்சை அட்டைகள். ஒன்று தெலுங்கில், பெயர் சுப்ரமண்யம், வயது 42. இன்னொன்று தமிழில், பெயர் மணி, வயது 45. தறி ஓடும் மாதங்களில் இந்தப் பக்கம், ஓடாத மாதங்களில் மைத்துனர் வீட்டோடு திருத்தணிப் பக்கம். ஒரு வேளை மாத்திரைகூட அவர் விடவில்லை, காலி அட்டைகளைக்கூட ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஆனால் ஒரு பக்கத்துப் பதிவில் அவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர். மறு பக்கத்துப் பதிவில் புத்தம்புது நோயாளி.

'நிக்‌ஷய்' என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளம் நாடு முழுக்க ஒரே எண்ணில் நோயாளியைப் பின்தொடரத்தான் வந்தது. ஆனால் பெயரும் மொழியும் செல்போன் எண்ணும் மாறி வருபவரைப் புதியவராகப் பதிந்துவிடுவது எங்கேயும் நடக்கக்கூடியது. இப்போது மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். புதியவர், பழையவர் என்று பிரித்ததில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. எல்லையோரத்தில் அந்தப் பிரிவே கலங்கிப்போயிருந்தால்?

இதைத்தான் உங்கள் ஆய்வாக எடுங்கள் என்பேன். எல்லையின் இரண்டு பக்கத்துப் பதிவுகளையும் உரிய அனுமதியோடு பொருத்திப் பார்ப்பது. 'புதியவர்' என்று பதிவானவர்களில் எத்தனை பேர் உண்மையில் முன்பே மருந்து எடுத்தவர்கள் என்று கண்டுபிடிப்பது. அதன் மேல் கிருமியின் முழு மரபணு வரிசையை வைத்துப் பார்ப்பது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். இரண்டு பேரின் கிருமிக்குள் ஐந்து எழுத்துக்குள்தான் வித்தியாசம் என்றால் அண்மையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டைத் தாண்டினால் அந்த வாய்ப்பு குறைவு. எதிர்ப்பு உடம்புக்குள் உருவானதா வெளியிலிருந்து வந்ததா என்று அப்போது சொல்ல முடியும். சுப்ரமண்யமும் மணியும் ஒரே ஆள் என்று தெலுங்கும் தமிழும் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் சட்டென்று தோன்றும். லண்டனிலோ ஜெனீவாவிலோ இருப்பவருக்கு அது தோன்றாது.

உங்கள் வட்டாரத்துக்கு இதில் நீண்ட மரபு உண்டு. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ரயிலில் நீங்கள் கடந்து போகும் திருவள்ளூர்ப் பகுதியில்தான் 1968-ல் பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகம் தெரிந்துகொண்டது இங்கிருந்துதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959-ல் காட்டியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எங்கே விண்ணப்பிக்கலாம்

வெளிநாடு போனால்தான் போஸ்ட்டாக் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. உங்கள் கேள்விக்கு உரிய நோயாளிகளும் பதிவுகளும் இங்கே இருக்கின்றன. அதனால் முதல் இரண்டு ஆண்டு இங்கே, அடுத்தது வெளியே என்று வரிசை வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆராய்ச்சிக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பான அனுசந்தான் அறக்கட்டளையின் (முன்பு செர்ப் என்றிருந்தது) தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுக்கு. வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. தீசிஸ் கொடுத்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், எனவே உங்களுக்கு இது இப்போதே திறந்திருக்கும் கதவு. வழிகாட்டியாகப் பழைய கைடை வைக்காமல் வேறொருவரைத் தேடுங்கள்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பை அதன் சொந்த நிறுவனங்களில்தான் செய்ய முடியும். சேத்துப்பட்டுக் காசநோய் நிறுவனமும், சென்னையிலேயே உள்ள நோய்ப்பரவலியல் நிறுவனமும் அதில் சேரும். பட்டம் வாங்கிய சில ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப் பெரியது, போட்டியும் கடுமை. வயதைப் பார்ப்பதில்லை, கேள்வியின் தரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வருடம் தயார் செய்து போங்கள்.

வேலூர் சிஎம்சியையும் புதுச்சேரி ஜிப்மரையும் மறந்துவிடாதீர்கள். இரண்டுமே 'ரிப்போர்ட் இந்தியா' என்ற காசநோய்க் கூட்டு ஆய்வில் பங்கெடுத்தவை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஏற்கனவே தொடர்பில் இருப்பவை.

சென்னைப் புராஜெக்ட் வேலைக்குக் கட்டாயம் நேர்காணலுக்குப் போங்கள். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: புராஜெக்ட் பணம் எந்த மாதம் வரைக்கும்? அதன் டேட்டாவில் நான் முதல் ஆசிரியராகக் கட்டுரை எழுதலாமா? இடையில் ஃபெல்லோஷிப் கிடைத்தால் விடுவிப்பீர்களா? இரண்டாவதுக்கு மழுப்பினால், அது சம்பளத்துக்கு மட்டுமான வேலை. வீட்டுச் செலவுக்கு அது தேவையென்றால் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. போஸ்ட்டாக் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போஸ்ட்டாக் இடத்தை யாரும் விற்பதில்லை.

கைடும் டேட்டாவும்

கைடு சொல்வது முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கத் தப்பும் இல்லை. கிருமி மாதிரிகளும் மூலப் பதிவுகளும் நெறிமுறைக் குழு அனுமதி பெற்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவை. அவை அவருடைய சொந்தச் சொத்தும் அல்ல, உங்களுடையதும் அல்ல. நீங்கள் செய்த வேலையில் ஆசிரியராகப் பெயர் வருவது உங்கள் உரிமை. தீசிஸ் ஏற்கப்பட்ட பின் பொதுவில் வரும் ஆவணம், அதை மேற்கோள் காட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் மாதிரிகளைப் புதிய ஆய்வுக்கு எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் புது அனுமதி கட்டாயம். வெளிநாட்டோடு கூட்டு ஆய்வு என்றால் அதற்கு மேல் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதனால் கிருமியை விமானம் ஏற்றும் திட்டமே வேண்டாம். வரிசைப்படுத்துவதை இங்கேயே செய்துவிட்டு, கணக்கிடுவதை அந்த ஐரோப்பியப் பேராசிரியரோடு செய்யுங்கள்.

ஒரு வரி என்னைப் பதற வைத்தது. "180 பேரின் பெயர், போன் நம்பரோடு எக்செல் என் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது." அது பத்திரமே இல்லை. உங்கள் டிபியை 14 வருடம் ஒளித்து வைத்தீர்களே, அந்த 180 பேருக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும். பெயர்கள் உள்ள பிரதியைத் துறையில் முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், உங்கள் கையில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

வைவா விஷயத்தில் சண்டை வேண்டாம், எழுத்து வேண்டும். தீசிஸ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்று யுஜிசி விதி சொல்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு, தேர்வாளர் அறிக்கைகள் வந்துவிட்டனவா என்று கேட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள், நகலைக் கைடுக்கும் அனுப்புங்கள். கைடு கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் புரிகிறது. சிபாரிசுக் கடிதத்துக்கு அவரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். லேபில் உங்கள் வேலையைப் பார்த்த இன்னும் இரண்டு பேரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அப்புறம் அந்தப் பேராசிரியருக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். நன்றி சொல்லி, மரி கியூரி விண்ணப்பத்தை அவரோடு சேர்ந்து எழுத விரும்புவதாகச் சொல்லுங்கள். வைவா எந்த நிலையில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதோடு ஒரே ஒரு பக்கம் இணையுங்கள், பழைய வரைவை அல்ல. மேலே ஒரு ஆளுக்கு இரண்டு அட்டை என்ற கதை, கீழே 23-ம் 23-ம் என்ற கணக்கு, அதன் கீழே உங்கள் கேள்வி. எழுதியதை எனக்கும் அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன்.